ஈஸ்ட் குரொய்டன் ரயில் நிலையம்: வரலாறும் சேவைகளும்

குரொய்டன் 1965 ஆம் ஆண்டு வரை சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நகரமாக இருந்தது. அதன் பின்னரே லண்டன் பெருநகரின் ஒரு பகுதியாயிற்று. நகரில் வெஸ்ட் குரொய்டன், சவுத் குரொய்டன் முதலிய பிற நிலையங்கள் இருப்பினும், நகரின் தலைவாசலாக விளங்குவது ஈஸ்ட் குரொய்டன் நிலையமே. பணிக்குச் செல்வோர், மாணவர், விமானப் பயணிகள், அரச அலுவலகங்களுக்கு வருவோர் எனப் பலரும் நாள்தோறும் இதனைப் பயன்படுத்துகின்றனர். இந்நிலையம் உருவான வரலாற்றையும், இங்கு கிடைக்கும் சேவைகளையும், பயணிகள் அறிந்திருக்க வேண்டிய உரிமைகளையும் விதிகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

குதிரைகள் இழுத்த முதற் பாதை

நீராவி இயந்திரம் வருவதற்கு முன்னரே குரொய்டனுக்கு இருப்புப் பாதை வந்துவிட்டது. 1801 இல் நாடாளுமன்றம் அளித்த அனுமதியின்படி அமைக்கப்பட்ட சர்ரே இரும்புப் பாதை, 1803 இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வாண்ட்ஸ்வர்த்தையும் குரொய்டனையும் இணைத்தது. அதில் பயணிகள் செல்லவில்லை. நிலக்கரி, சுண்ணாம்பு, தானியம் போன்ற பொருட்களை ஏற்றிய வண்டிகளைக் குதிரைகள் இழுத்துச் சென்றன. சுங்கம் செலுத்திய எவரும் தம் வண்டியை அதில் ஓட்டலாம் என்பது அதன் சிறப்பு.

1809 இல் குரொய்டன் கால்வாய் திறக்கப்பட்டது. அது எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 1836 இல் மூடப்பட்டது. லண்டன் - குரொய்டன் ரயில் நிறுவனம் அக்கால்வாயை வாங்கி, அதன் படுகையின் ஒரு பகுதியிலேயே தண்டவாளம் அமைத்தது. 1839 ஜூன் 5 அன்று லண்டன் பிரிட்ஜிலிருந்து குரொய்டனுக்குப் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. கால்வாயின் படகுத்துறை இருந்த இடத்தில்தான் இன்றைய வெஸ்ட் குரொய்டன் நிலையம் நிற்கின்றது.

பிரைட்டன் பாதையும் புதிய நிலையமும்

லண்டனிலிருந்து தென்கடற்கரை நகரான பிரைட்டனுக்குச் செல்லும் பாதை நகர மையத்திற்குக் கிழக்கே அமைந்தது. இதன் முதற் பகுதி 1841 ஜூலை 12 அன்று ஹேவர்ட்ஸ் ஹீத் வரையும், முழுப் பாதை அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று பிரைட்டன் வரையும் திறக்கப்பட்டது. இப்பாதையில் குரொய்டனுக்கென அமைந்த நிலையமே பின்னர் ஈஸ்ட் குரொய்டன் எனப் பெயர் பெற்றது.

1862 இல் விக்டோரியா நிலையத்திற்கான சேவைகளுக்காக இதன் அருகிலேயே மேலும் சில மேடைகள் கட்டப்பட்டன. அவை ‘நியூ குரொய்டன்’ என்ற தனி நிலையமாகவே நடத்தப்பட்டன. அவற்றுக்கெனத் தனிப் பயணச்சீட்டு அலுவலகமும் இருந்தது. போட்டி நிறுவனங்கள் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொண்ட அக்காலத்தின் விளைவு இது. பிற்காலத்திலேயே இவை ஒரே நிலையமாக இணைந்தன.

1868 இல் ஈஸ்ட் குரொய்டனிலிருந்து நகரின் நடுப்பகுதியான கேத்ரின் வீதி வரை ஒரு சிறு கிளைப் பாதை திறக்கப்பட்டது. நடந்தே செல்லக்கூடிய தூரத்துக்கு ரயிலில் ஏறுவார் குறைவு. 1871 இல் மூடப்பட்ட அப்பாதை, 1886 இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1890 இல் நிரந்தரமாக மூடப்பட்டது. கைவிடப்பட்ட அந்த நிலத்தில் நகர மண்டபம் எழுந்தது. 1896 இல் அது திறந்துவைக்கப்பட்டது.

ரயில் நகரையே மாற்றியது. 1801 இல் ஆறாயிரம் பேருக்கும் குறைவாக வாழ்ந்த குரொய்டனில், 1901 இல் ஓர் இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். லண்டனில் தொழில் செய்து குரொய்டனில் குடியிருப்பது வழக்கமாயிற்று. 1933 ஜனவரி 1 முதல் பிரைட்டன் வரை மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. 1988 இல் தேம்ஸ்லிங்க் சேவை தொடங்கியதால், லண்டன் நகரின் ஊடாக ரயில் மாறாமலே வடக்கே செல்லும் வசதி கிடைத்தது. எஃகும் கண்ணாடியும் கொண்ட இன்றைய நிலையக் கட்டடம் 1992 இல் அமைந்தது. 2000 மே மாதத்தில் ட்ராம் சேவை தொடங்கிற்று. விம்பிள்டனுக்குச் செல்லும் ட்ராம் பாதையின் ஒரு பகுதி, குதிரைகள் இழுத்த அந்தப் பழைய இரும்புப் பாதையின் தடத்தை ஒட்டியே செல்கின்றது. மின்தூக்கிகளுடன் கூடிய புதிய மேம்பாலம் 2013 இல் திறக்கப்பட்டது.

தமிழர் வரலாற்றில் இந்நிலையம்

நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், வெல்லஸ்லி வீதியில், லூனார் ஹவுஸ் என்னும் இருபது மாடிக் கட்டடம் உள்ளது. உள்துறை அமைச்சின் குடிவரவுப் பணிகளுக்கு இது நீண்ட காலமாக மையமாக இருந்து வருகின்றது. 1983 க்குப் பின் இலங்கையிலிருந்து புகலிடம் தேடி வந்த தமிழர் பலர், தம் கோப்புகளைக் கையில் ஏந்தியவாறு இந்நிலையத்தில் இறங்கியே அங்கு சென்றனர். அவர்களுள் பலருக்கு ‘குரொய்டன்’ என்ற சொல் ஒரு நகரின் பெயராக அறிமுகமாவதற்கு முன்னர், கடிதத்தில் குறிக்கப்பட்ட ஒரு முகவரியாகவே அறிமுகமாயிற்று. பின்னர் இந்நகரிலும் அயற்பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் நிலைபெற்றன.

குடிவரவு தொடர்பான சந்திப்புக்கு இன்றும் வருவோர், குறித்த நேரத்திற்கு முந்திய ரயிலில் வருவது நன்று. ரயில் தாமதமானால், தாமதத்தை உறுதிப்படுத்தும் சான்றாகப் பயணச்சீட்டையும் நிலைய அறிவிப்பின் படத்தையும் வைத்திருப்பது பயன்தரும்.

எங்கெங்கு செல்லலாம்

நிலையத்தில் ஆறு மேடைகள் உள்ளன. சதர்ன், தேம்ஸ்லிங்க் ஆகிய சேவைகள் இங்கு நிற்கின்றன. கட்விக் எக்ஸ்பிரஸ் பொதுவாக நிற்பதில்லை. ஆயினும் மற்ற இரு சேவைகளின் ரயில்களும் ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்களில் கட்விக் விமான நிலையத்தை அடைந்துவிடும்.

• லண்டன் விக்டோரியா, லண்டன் பிரிட்ஜ்: இருபது நிமிடங்களுக்குள் விரைவு ரயில்கள்.
• பாரிங்டன், செயின்ட் பாங்க்ராஸ், லூட்டன் விமான நிலையம், பெட்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், பீட்டர்பரோ: தேம்ஸ்லிங்க் நேரடி ரயில்கள்.
• பிரைட்டன் மற்றும் தென்கடற்கரை நகரங்கள்: நேரடி ரயில்கள்.
• விம்பிள்டன், நியூ அடிங்டன், பெக்கன்ஹாம், எல்மர்ஸ் எண்ட்: நிலைய வாயிலிலிருந்து ட்ராம்.

தெற்கே செல்லும் சில ரயில்கள் ஹேவர்ட்ஸ் ஹீத் போன்ற நிலையங்களில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குச் செல்லும். எனவே ஏறுவதற்கு முன் முன்பெட்டிகள் எங்கு செல்கின்றன, பின்பெட்டிகள் எங்கு செல்கின்றன என்பதை மேடையிலுள்ள திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 25 அன்று பொதுவாக ரயில்கள் ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் பராமரிப்புப் பணிகளால் சேவைகள் மாறக்கூடும் என்பதால், விமானப் பயணம் செய்வோர் முதல் நாளே நேரத்தை உறுதிசெய்தல் அவசியம்.

கட்டணம் செலுத்தும் முறை

ஈஸ்ட் குரொய்டன் லண்டன் போக்குவரத்தின் ஐந்தாம் வலயத்தில் உள்ளது. ஒய்ஸ்டர் அட்டை அல்லது கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டை கொண்டு பயணிப்போர், ரயிலில் ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் அட்டையைத் தொட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தொட்டால் உச்சக் கட்டணம் அறவிடப்படும். ஏறும்போது வங்கி அட்டையையும் இறங்கும்போது கைபேசியையும் பயன்படுத்தினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கைச் சேர்ந்தவையாயினும், நிறைவுபெறாத இரு பயணங்களாகவே கணினி அவற்றைக் கொள்ளும்.

ட்ராமிலும் பேருந்திலும் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். அவற்றில் பணத்தாளோ நாணயமோ ஏற்கப்படுவதில்லை. முதன்முறை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள், அதே அட்டையில், வேறு பேருந்துகளிலும் ட்ராம்களிலும் மேலதிகக் கட்டணமின்றி ஏறலாம். ட்ராமிலிருந்து இறங்கி ரயிலில் ஏறுவோர் ரயில் நிலைய வாயிலில் மீண்டும் தொட வேண்டும்.

பிரைட்டன் பாதையில் ஒய்ஸ்டர் அட்டை கட்விக் விமான நிலையம் வரை மட்டுமே செல்லும். பிரைட்டனுக்குச் செல்வோர் புறப்படுமுன் தனிப் பயணச்சீட்டுப் பெற வேண்டும்.

அரச ஓய்வூதிய வயதை அடைந்த லண்டன் வாசிகளும், தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளும் ஃப்ரீடம் பாஸ் பெறலாம். இதற்கான செலவை லண்டனின் உள்ளூராட்சி சபைகளே ஏற்கின்றன. இந்நிலையத்து ரயில்களில் முதியோருக்கான பாஸ் வார நாட்களில் காலை 9.30 க்குப் பின்னர் செல்லுபடியாகும். லண்டன் எல்லைக்கு அப்பாலுள்ள கட்விக்கிற்கு அது செல்லாது. கட்விக் செல்லும் பாஸ் உரிமையாளர்கள், ஆறாம் வலய எல்லையிலிருந்து கட்விக் வரையான பயணச்சீட்டு ஒன்றைப் பயணச்சீட்டு அலுவலகத்தில் கேட்டுப் பெற்றால் முழுக் கட்டணம் செலுத்த நேராது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ரயிலில் கட்டணமில்லை. இளைஞர், முதியோர், குடும்பத்தினர், இருவராகச் சேர்ந்து பயணிப்போர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான ரயில் சலுகை அட்டைகள் பெரும்பாலான கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கின்றன.

தண்டக் கட்டணமும் வழக்கும்

செல்லுபடியான பயணச்சீட்டு இன்றிப் பயணிப்பவரிடம் 100 பவுண் தண்டக் கட்டணமும் அப்பயணத்திற்குரிய ஒருவழிக் கட்டணமும் அறவிடப்படலாம். 21 நாட்களுக்குள் செலுத்தினால் தண்டத் தொகை 50 பவுணாகக் குறையும். அது தவறாக விதிக்கப்பட்டது எனக் கருதுவோர், பத்திரத்தில் குறித்துள்ள முகவரிக்கு 21 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். பயணச்சீட்டு இயந்திரம் பழுதடைந்திருந்தால் அதனைப் படம் எடுத்து வைத்திருப்பது மேன்முறையீட்டிற்கு உதவும்.

தண்டக் கட்டணம் என்பது குற்றத் தீர்ப்பு அன்று. ஆனால் சில சந்தர்ப்பங்களில் ரயில் நிறுவனம் தண்டக் கட்டணத்திற்குப் பதிலாக நீதிமன்றில் வழக்குத் தொடரலாம். அதில் குற்றவாளியெனத் தீர்ப்பு வந்தால், பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதனைத் தெரிவிக்க நேரிடும். சில பவுண் கட்டணத்திற்காகத் தொடங்கிய விடயம் பல ஆண்டுக் காத்திருப்பையே பாதிக்கக்கூடும். ஆகவே ரயில் நிறுவனத்திடமிருந்தோ நீதிமன்றத்திடமிருந்தோ வரும் கடிதத்தை ஒருபோதும் திறக்காமல் வைத்துவிடலாகாது. ஆங்கிலக் கடிதம் விளங்காவிடின், குறித்த திகதிக்கு முன்னரே ஆலோசனை நிலையத்தை நாடி விளக்கம் பெற வேண்டும். வீடு மாறியவர்கள் தம் புதிய முகவரிக்குக் கடிதங்கள் வந்து சேர ஏற்பாடு செய்துகொள்வதும் முக்கியம்.

உதவி தேவைப்படும் பயணிகள்

எல்லா மேடைகளுக்கும் படியேறாமல் செல்லலாம். சாய்தளங்களும் மின்தூக்கிகளும் உள்ளன. சக்கர நாற்காலியில் பயணிப்போர், பார்வைக் குறைபாடு உடையோர், நடப்பதற்குச் சிரமப்படும் முதியோர் ஆகியோர் ‘பேசஞ்சர் அசிஸ்ட்’ என்னும் இலவச உதவிச் சேவையைப் பெறலாம். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பதிவு செய்தால், பணியாளர் ஒருவர் ரயில் வரை உடன் வந்து ஏற்றிவிடுவார். இறங்கும் நிலையத்திலும் உதவி கிடைக்கும். பதிவு செய்யாமல் வருவோரும் நிலையப் பணியாளரிடம் உதவி கேட்கலாம். ஆங்கிலம் பேசத் தயங்கும் பெற்றோரைத் தனியே அனுப்பும் குடும்பத்தினர், செல்லும் இடத்தையும் ரயில் நேரத்தையும் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவது நன்று.

தாமதமும் நட்டஈடும்

விக்டோரியாவிலிருந்தும் லண்டன் பிரிட்ஜிலிருந்தும் வரும் பாதைகள் ஈஸ்ட் குரொய்டனுக்குச் சற்று வடக்கே ஒன்றுசேர்கின்றன. ஒரு ரயில் அங்கே சிறிது தங்கினாலும் பின்னால் வரும் பல ரயில்கள் காத்திருக்க நேர்கின்றது. பிரைட்டனில் ஏற்பட்ட தாமதம் கேம்பிரிட்ஜ் வரை பரவுவதற்கு இதுவே காரணம். மேடைகளை எட்டாக உயர்த்தி இந்நெருக்கடியைத் தீர்க்கும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஆயினும் 2021 இல் அதற்கு அரச நிதி ஒதுக்கப்படவில்லை.

தாமதத்திற்கு நட்டஈடு பெறுவது பயணியின் உரிமை. சேருமிடத்தை அடைய 15 நிமிடம் தாமதமானால் ஒருவழிக் கட்டணத்தின் கால் பங்கும், 30 நிமிடம் தாமதமானால் அரைப் பங்கும், ஒரு மணி நேரம் தாமதமானால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும். 28 நாட்களுக்குள் பயணம் செய்த ரயில் நிறுவனத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்திற்கான காரணம் எதுவாயினும் இது பொருந்தும்.

பாதுகாப்பு

மின்சார ரயில்களுக்கான மின்சாரம் தண்டவாளத்தின் பக்கத்திலுள்ள மூன்றாம் தண்டவாளத்தில் பாய்கின்றது. அதன் அழுத்தம் 750 வோல்ட். தொட்டால் உயிர் போகும். ரயில் ஓடாத வேளையிலும் அதில் மின்சாரம் இருக்கும். கைபேசியோ பிள்ளையின் காலணியோ தண்டவாளத்தில் விழுந்தால் இறங்கி எடுக்க முயலாமல் பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

ரயிலிலோ நிலையத்திலோ இனத்துவேஷப் பேச்சு, பாலியல் தொல்லை, திருட்டு ஆகியவற்றை எதிர்கொண்டாலோ, சந்தேகத்திற்குரிய பொதி எதனையும் கண்டாலோ ரயில்வே காவற்துறைக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். குரல் அழைப்பில் பேசத் தயங்குவோருக்கும், அருகிலிருப்பவர் அறியாமல் முறையிட விரும்புவோருக்கும் இது ஏற்ற வழி.

பயனுள்ள தொலைபேசி எண்கள்

• ரயில் நேர விபரங்கள்: 03457 48 49 50
• பேசஞ்சர் அசிஸ்ட் (இலவச அழைப்பு): 0800 022 3720
• ரயில்வே காவற்துறை, குறுஞ்செய்தி: 61016
• உயிராபத்து அல்லது அவசர நிலை: 999