'பஸ் எக' சொல்பவருக்கு 'த' புதிதல்ல

மூன்றாம் ஆண்டில் ஆங்கிலப் புத்தகம் கைக்கு வந்ததும், நம் தாய்மார் பலர் பிள்ளையின் படிப்பிலிருந்து மெல்ல ஒதுங்கிக்கொள்கிறார்கள். "எனக்கு இங்கிலீஸ் தெரியாது மகள், டீச்சரிடம் கேளுங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. பல வருடம் படித்துப் பட்டமும் பெற்ற அதே மகள், வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது 'ஐ ஆம் டீச்சர்' என்று எழுதுகிறாள். நடுவில் ஓர் 'ஏ' விடுபட்டுப் போகிறது.

'ஏ', 'ஆன்', 'த' ஆகிய மூன்றும் நம்மவரைத் தடுமாற வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் இவற்றுக்கு நேரான சொல் இல்லை. 'ஒரு' இருக்கிறதே என்பீர்கள். அதை விட்டுவிட்டாலும் நம் வசனம் குறைபடாது. "கேக் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு கேக். "கேக்கை வாங்கினேன்" என்றால் முன்பே பேசி வைத்த கேக். சொல்லின் வாலிலேயே காரியத்தை முடித்துவிடுகிறோம்.

ஆனால் கண்டியிலும் அக்குறணையிலும் மடவளையிலும் வாழும் சகோதரிகளுக்குச் சிங்களம் தெரியுமே! கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் நிற்கிறீர்கள். "பஸ் எகக் ஆவா" என்றால் ஏதோ ஒரு பஸ் வந்தது. அது ஆங்கிலத்தில் 'ஏ பஸ்'. "பஸ் எக ஆவா" என்றால் நாம் காத்திருந்த அந்த பஸ் வந்துவிட்டது. அது 'த பஸ்'. 'லமயெக்' என்பது 'ஏ சைல்ட்', 'லமயா' என்பது 'த சைல்ட்'. மேலே சொன்ன மகளும் "மம டீச்சர் கெனெக்" என்று சிங்களத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால், 'ஐ ஆம் ஏ டீச்சர்' என்று எழுதியிருப்பாள். இலக்கணப் புத்தகத்தை விட இந்த வழி சுருக்கமானது என்பது என் எண்ணம்.

அரபியில் வரும் 'அல்' ஏறத்தாழ 'த' தான். 'கிதாப்' புத்தகம், 'அல்கிதாப்' அந்தப் புத்தகம். ஆனால் இங்கே கவனம் தேவை. அறிவு, பொறுமை போன்றவற்றைப் பொதுவாகச் சொல்லும்போதும் அரபி 'அல்' சேர்க்கும். ஆங்கிலம் 'த' சேர்க்காது. வெறும் 'நொலெட்ஜ்', வெறும் 'பேஷன்ஸ்' தான்.

'ஏ'யா 'ஆன்' ஆ என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அல்ஷம்ஸ் என்று எழுதியிருப்பதை அஷ்ஷம்ஸ் என்றுதானே ஓதுகிறோம்? இங்கும் காதுக்கே முதலிடம். 'அவர்' என்ற மணித்தியாலத்தை எச் எழுத்தில் தொடங்கி எழுதினாலும், ஒலி உயிர் ஒலி என்பதால் 'ஆன் அவர்'. 'யூனிபோர்ம்' உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'யூ' என்பதால் 'ஏ யூனிபோர்ம்'. கண்டி நகரில் நம்மைச் சுற்றவிடும் வீதியும் 'ஏ வன்வே ரோட்' தான். 'ஆன் எம்.பி.' என்பதும் இதே கணக்கு.

பெயர்களில்தான் வம்பு. கண்டிக்கும் ஹந்தானைக்கும் முன்னால் ஒன்றும் வராது. ஆற்றுக்கு வரும்: 'த மஹாவலி'. குளத்துக்கு வராது: 'கண்டி லேக்'. மலைத்தொடருக்கு வரும்: 'த நக்கிள்ஸ்'. 'பெராதெனிய யூனிவர்சிட்டி' என்றால் தேவையில்லை. அதையே 'யூனிவர்சிட்டி ஒப் பெராதெனிய' என்று திருப்பினால் 'த' வேண்டும். இதற்கெல்லாம் நியாயம் கேட்டுப் பயனில்லை, பழக்கத்தில்தான் வரும்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் மட்டும் பழக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நம் நாட்டில் கற்பிக்கும் பிரித்தானிய ஆங்கிலத்தில் 'இன் ஹொஸ்பிட்டல்' என்றால் நோயாளியாகப் படுத்திருப்பது. 'இன் த ஹொஸ்பிட்டல்' என்றால் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பது. சுகம் விசாரிக்கப் போனவரும் அங்கே இருக்கலாம். கட்டாரில் இருக்கும் நானாவுக்குத் தங்கை செய்தி அனுப்பும்போது 'த' விடுபட்டால், மாமியைப் பார்க்கப் போன உம்மாவே வார்டில் படுத்துவிட்டாரென்று அவர் பதறிப்போவார்.