இல்லமே காரியாலயம்

புதுவைப் பெரிய அங்காடிக்கு அருகே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கிறது. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பைச் சரித்திர ஆராய்ச்சியாளர் போற்றுவர். நாமோ இங்கு அவருடைய தொழிலைப் பற்றியே பேச விரும்புகிறோம். பிள்ளையவர்கள் துபாஷி; அதாவது இருமொழி அறிந்த காரியஸ்தர். 1747இல் துய்ப்ளேக்ஸ் துரைக்குத் தலைமைத் துபாஷியானார். துபாஷி என்பவர் வந்த கடிதத்தின் சாரத்தைச் சொல்வார். வர்த்தகரிடம் பேரம் பேசுவார். காண வந்தவரில் யாரை உள்ளே அனுப்புவது, யாரை நாளை வரச் சொல்வது என்று தீர்மானிப்பார். அதே சமயம் தம் சொந்த வியாபாரத்தையும் விடார். அந்நாளில் பிரான்சுக்குப் போன கடிதத்திற்கு மறுமொழி வர ஓராண்டுக்கு மேலும் ஆகும். இவ்வளவு தூரத்திற்கு இடையே வாணிகம் நடந்தது என்றால், அது இத்தகைய காரியஸ்தர்களின் திறமையால்தான்.

நெசவாளருக்கு முன்பணம் வந்ததும், துணிக்கு விலை குறிக்கப்பட்டதும் அவர்கள் வழியாகவே என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. நம்முடைய முன்னோர் அந்த மேசையின் மறுபுறத்தில்தான் நின்றார்கள். தறிக்குடியில் பிறந்த பெண்மக்கள் இன்று அம்மேசையின் இப்புறத்தில் அமர்ந்து காரியம் பார்க்கக்கூடிய காலம் வந்திருக்கிறது. அதற்கு மாளிகை வேண்டியதில்லை. வீட்டின் ஒரு மூலை போதும். ‘வெர்ச்சுவல் அசிஸ்டண்ட்’ என்று இதனை அழைக்கிறார்கள். நாம் தொலைவிடக் காரியஸ்தர் என்று சொல்லிக்கொள்வோம்.

வேலை யாதெனில், வேறோர் ஊரில், பெரும்பாலும் வேறொரு நாட்டில், சிறு வியாபாரமோ மருத்துவமோ கட்டட வேலையோ செய்யும் ஒருவருடைய காரியாலய அலுவல்களை இணையத்தின் மூலம் இங்கிருந்தே கவனிப்பது. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுதல், சந்திப்பு நேரம் குறித்தல், விலைப்பட்டியல் அனுப்பிப் பாக்கியை நினைவூட்டுதல், வரவு செலவு பதிதல், பிரயாணச் சீட்டு எடுத்தல், பேச்சுப் பதிவைக் கேட்டு எழுதித் தருதல் ஆகியவை இதில் அடங்கும். ஒரு கணிப்பொறி, தடையற்ற இணைய இணைப்பு, மின்சாரம் போனால் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் இன்வெர்ட்டர், காதில் மாட்டும் ஒலிவாங்கி இவை இருந்தால் தொழில் தொடங்கலாம்.

புதுவைக்கு இதில் ஒரு தனி அனுகூலம் உண்டு. 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இந்நகரில் பிரெஞ்சு மொழிக்கு ஓர் இடம் வைத்தது. 1826இல் தோன்றிய பிரெஞ்சுப் பள்ளியும், 1889இல் தோன்றிய அலியான்ஸ் பிரான்சேசும் அம்மொழியை அழியவிடவில்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்த காரியஸ்தர் உலகெங்கும் மலிந்து கிடக்கிறார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் தமிழும் அறிந்தவர் எத்தனை பேர்? பள்ளியில் கற்ற பிரெஞ்சைப் பரீட்சையோடு மறந்துவிடும் நம் மாணவிகள், ஒரு முதலைக் கடலில் எறிகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கடிகாரமும் ஓரளவு உதவுகிறது. பாரிசில் காலை மணி ஒன்பது அடிக்கும்போது, குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு அமர்வதற்கு ஏற்ற வேளை. ஆனால் அவர்கள் மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தை மூடும்போது குளிர்காலத்தில் இங்கே இரவு பத்தரை ஆகிவிடும். இதை முன்னரே யோசியாமல் ஒப்புக்கொண்டு, பிறகு உறக்கமும் குடும்ப அமைதியும் இழந்தவர்கள் உண்டு. இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையே பதில் கிடைக்கும் என்று முதற் கடிதத்திலேயே எழுதிவிடுதல் நன்று.

வீட்டிலிருந்தபடி காரியாலய வேலை செய்வது இணையத்தோடு பிறந்த புதுமையன்று. புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே 1962ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஸ்டெபானி ஷர்லி என்ற பெண்மணி ஆறு பவுன் முதலோடு தம் வீட்டு மேசையில் ‘பிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். மணமாகிக் குழந்தை பெற்றதும் வேலையை விட்ட படித்த பெண்களுக்கு, கணிப்பொறிக்கான கட்டளைகளை வீட்டிலேயே எழுதும் வேலையைக் கொடுத்தார். அவர்களிடம் கணிப்பொறி கிடையாது. பென்சிலும் காகிதமும் தொலைபேசியுமே இருந்தன. பெண் பெயரோடு அனுப்பிய வியாபாரக் கடிதங்களுக்குப் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டார், பதில் வந்தது. தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் குரல் மறுமுனைக்குக் கேளாதிருக்கத் தட்டச்சு ஒலிப்பதிவை ஓடவிடுவாராம். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்குரிய கணிப்பு வேலையைக்கூட இப்பெண்கள் செய்து கொடுத்தனர்.

கூட்டுறவாளராகிய நம் கவனத்தைக் கவர்வது அதற்குப் பின் நடந்ததே. ஸ்தாபனத்தின் பங்குகளில் ஒரு பகுதியை அவர் படிப்படியாக ஊழியர் கைக்கு மாற்றினார். 1996இல் அது பங்குச் சந்தைக்கு வந்தபின், ஊழியருள் எழுபது பேர் பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட சொத்துக்கு உரியவராயினர். அம்மையார் 2025இல் தம் 91ஆம் வயதில் காலமானார்.

நிற்க. இத்தொழிலில் கண்ணுக்குத் தெரியாமல் நஷ்டம் வரும் வழி ஒன்றை நெசவுக் குடும்பத்தார் எவரினும் நன்றாக அறிவர். சேலை ஒன்றுக்கு இன்ன கூலி என்கிறோம். தார் சுற்றிய மனைவியின் நேரமும், பாவு ஓட்டத் துணைநின்ற பெரியவரின் நேரமும் அக்கூலியில் எங்கே இருக்கின்றன? 2019-20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலில் உள்ளவர் 35 லட்சத்துக்கு மேல். அவர்களுள் பெண்களே பெரும்பான்மையினர். எனினும் வீட்டு வேலைக்கும் தறி வேலைக்கும் இடையே அவர்களுடைய உழைப்பு கணக்கில் வராமல் கரைந்துபோகிறது. கணிப்பொறி முன் அமரும் மகளுக்கும் இதே கதி நேரலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு இரண்டு மணி, மாதம் 25 நாள், ஊதியம் 12,000 ரூபாய் என்று பேசியதாக வைத்துக் கொள்வோம். ஐம்பது மணி நேரத்துக்கு மணிக்கு 240 ரூபாய் ஆகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இடையிடையே வரும் ‘ஒரு சின்ன வேலை’, பதிலுக்குக் காத்திருத்தல், திருத்தம், திருத்தத்தின் மேல் திருத்தம் எல்லாவற்றையும் எழுதிவைத்தால் உண்மையில் எண்பது மணி ஆகியிருக்கும். தரகுக்குப் பத்தில் ஒன்று போனால் 1,200. இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் 1,300. 45,000 ரூபாய்க் கணிப்பொறி 45 மாதம் உழைக்குமென்றால் தேய்மானம் 1,000. மீதி 8,500 ரூபாயை எண்பதால் வகுத்தால் மணிக்கு 106 ரூபாய்தான். 240 எங்கே, 106 எங்கே! ஆகவே முதல் மூன்று மாதங்களுக்கேனும் மணிக்கணக்கில் பேசி, ஒவ்வொரு கால் மணியையும் நோட்டில் குறித்து வைக்க வேண்டும். மாதச் சம்பளம் பேசுவது அதற்குப் பிறகு.

நேரத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு இந்நகரின் சரித்திரமே காரணம். 1936 ஜூலை 30ஆம் நாள் புதுவை சவானா ஆலையில் போராடிய தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிருவர் மாண்டனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை இங்குச் சட்டமாயிற்று. அவ்வாலைத் தொழிலின் பெருமைகளுள் ஒன்றாக விளங்கிய ஏ.எப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஆலைச் சங்கொலி நின்றது. வீட்டில் வேலை செய்பவளுக்கோ சங்கே கிடையாது. வேலை முடிந்தது என்று அவளுக்குச் சொல்வார் யார்? தன் நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு சாட்சி அவளுக்கில்லை.

அடுத்து, இடைத்தரகர். இணையத்தில் வேலை பேசித்தரும் சந்தைகள் பல உண்டு. புதியவருக்கு முதல் வேலை அங்கே கிடைப்பது சுலபம். பணம் வராமற்போகும் பயமும் குறைவு. அந்த மட்டில் அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தரகு எடுத்துக்கொள்வதோடு, வாடிக்கையாளருடன் நேரே பேசிப் பணம் பெறக்கூடாது என்ற நிபந்தனையையும் விதிப்பன உள. ஒரு நாள் நம் கணக்கை மூடிவிட்டால், ஐந்தாண்டாகச் சேர்த்த நற்சாட்சியும் அத்துடன் போயிற்று. நூலும் கொடுத்து, துணியையும் எடுத்துக்கொண்டு, கடனையும் ஏட்டில் வைத்திருந்த முதலாளியை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதும் ஏறக்குறைய இதே நிலைதான்.

இயந்திரத்தின் பயமும் உண்டு. 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது முதல், சாதாரணக் கடிதம் எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் பேச்சைக் கேட்டு எழுதுவதும் இயந்திரத்தால் சில நொடிகளில் ஆகின்றன. தறிக்குடியார் இயந்திரத்தைக் கண்டு மிரள்பவர் அல்லர். ஜக்கார்டுப் பெட்டியின் துளை அட்டையைப் பார்த்துத்தான் ஆங்கிலேயராகிய சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறிக்கு யோசனை பெற்றார் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். எனினும் விசைத்தறி வந்தபோது முரட்டு வேட்டி நெய்தவர்தாம் முதலில் அடிபட்டனர் என்பதும் நினைவிருக்கட்டும். வெறும் தட்டெழுத்தை மட்டும் விற்பவர்க்கு இனி இடமில்லை. இயந்திரம் எழுதிய பிரெஞ்சுக் கடிதத்தில் கோபித்துக்கொண்ட வாடிக்கையாளருக்குச் சொல்லத்தகாத சொல் ஒன்று இருந்தால், அதைக் கண்டு எடுப்பவருக்கு வேலை உண்டு. பிரான்சில் குடியேறிய புதுவைக் குடும்பம் பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடும்போது, எந்த அலுவலகத்தில் யாருக்கு மனு எழுதுவது என்று அறிந்தவருக்கு வேலை உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சொந்தச் சட்ட நிலையைத் துறந்து புதுக் குடும்பப் பெயர் சூடியவர்களின் பேரன் பேத்திகள் இத்தகைய தேடலில் திகைப்பது இயல்பே. சொத்து, வாரிசு வழக்குகளில் மட்டும் தலையிடலாகாது. அவை வழக்கறிஞருக்கு உரியவை.

பிறருடைய கடிதத்தையும் கணக்கையும் கையாள்வதால் இரகசியம் காத்தல் இத்தொழிலின் உயிர்நாடி. கடவுச்சொற்களை நோட்டில் எழுதி மேசைமேல் வைக்கலாகாது. வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் கணிப்பொறியில் இவ்வேலை செய்யவும் கூடாது. ஐரோப்பியரின் சொந்த விவரங்களைக் காக்க 2018 முதல் கடுமையான விதிகள் அங்கே அமலில் உள்ளன; நம் நாட்டிலும் 2023இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. வேலை முடிந்ததும் விவரங்களை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் வாடிக்கையாளரின் நம்பிக்கை வளரும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்போரை நம்ப வேண்டாம். வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி தரும் சான்றுகளை வருமான வரிக்காகப் பத்திரப்படுத்த வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடுமுன் நம் சங்கங்களையே பார்த்தால் என்ன? அரசாங்க அலுவலகங்களுக்கு விற்க 2016இல் ஏற்பட்ட ‘ஜெம்’ சந்தையில் சரக்கைப் பதிவு செய்யவும், அதே ஆண்டு தொடங்கிய ‘இ-நாம்’ சந்தையில் விளைபொருள் விலையை நாள்தோறும் கவனிக்கவும் ஆளின்றிக் காரியதரிசிகள் திண்டாடுகிறார்கள். முத்தியால்பேட்டை நெசவாளர் சங்கமும் பாகூர் விவசாயிகளும் சேர்ந்து, தங்கள் அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் மூவர் நால்வரிடம் இவ்வேலையை மணிக் கணக்கில் ஒப்படைக்கலாம். ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் மற்றொருத்தி பார்த்துக்கொள்வாள். தனித்து நிற்பவளுக்கு இந்த வசதி இல்லை. சங்கத்திற்கு வேலை செய்த அனுபவமே பின்னர் பிரெஞ்சு வாடிக்கையாளரிடம் காட்டத் தக்க நற்சாட்சியாகும்.

தொடங்குவதற்குச் சங்கத்தின் விலைப்பட்டியல் ஒன்று போதும். சேலையின் நீளம், நூலின் இலக்கம், சாயம், துவைக்கும் முறை, நெய்ய எடுத்த நாட்கள் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதி, பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு சேர்க்க வேண்டும். முதல் மாதத்துக்கு இருபது உருப்படிகள் எழுதினால் போதுமானது. அவற்றிற்கு எத்தனை மணி ஆயிற்று என்று குறித்து வைத்தால், இரண்டாம் மாதம் கூலி பேச அதுவே ஆதாரமாகும்.