கூம்பு சுமக்கும் மரங்கள்

பைன், தேவதாரு, சைப்ரஸ் போன்ற மரங்களை மொத்தமாகக் 'கோனிஃபர்' என்பார்கள். லத்தீனில் 'கோனுஸ்' என்றால் கூம்பு. 'ஃபெர்ரே' என்றால் சுமப்பது, தாங்குவது. இரண்டும் சேர்ந்தால் 'கூம்பு தாங்கி'. ரோமானியக் கவி வெர்ஜில் 'ஈனிட்' காவியத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு இந்த அடைமொழியைக் கொடுத்திருக்கிறார். கடற்கரையில் கூடி நிற்கும் ஒற்றைக்கண் அரக்கர்களை அவற்றோடு ஒப்பிடும் இடம் அது. தாவரவியலாளர்கள் கையில் கலைச்சொல் ஆனதெல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான்.

'ஃபெர்' என்ற வால் வேறு சொற்களிலும் உண்டு. நிலத்தடி நீரைத் தாங்கும் பாறை அடுக்கு 'அக்விஃபர்'. சாத்தானின் பெயராகிவிட்ட 'லூசிஃபர்', ரோமானியர்களுக்கு ஒளியைச் சுமந்து வரும் விடிவெள்ளி. 'கோனுஸ்' மட்டும் கிரேக்கத்திலிருந்து வந்த கடன். அங்கே 'கோனோஸ்' என்பது பைன் காயையும் குறிக்கும், கணிதக் கூம்பையும் குறிக்கும்.

நம் 'கூம்பு' இங்கே இன்னும் பொருத்தம். கூம்புதல் என்றால் குவிதல். அந்தியில் தாமரை கூம்பும் என்போம். பைன் காயும் அதைத்தான் செய்கிறது. உலர்ந்து விரிந்த ஒன்றைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், கொஞ்ச நேரத்தில் செதில்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து மூடிக்கொள்ளும். ஒவ்வொரு செதிலின் வெளிப்பக்கமும் ஈரத்தில் உட்பக்கத்தைவிட அதிகமாக உப்புவதால் செதில் உள்நோக்கி வளைகிறது. காய்ந்தால் மறுபடி விரியும். வறண்ட, காற்றடிக்கும் நாளில் மட்டும் இறகுள்ள விதைகளை வெளியே விடுவதற்கான ஏற்பாடு இது. மரத்திலிருந்து விழுந்து செத்துப்போன காயும் இந்த வேலையை விடுவதில்லை. பேச்சுக்குத்தான் காய் என்கிறோம், தாவரவியல்படி அது காயோ கனியோ அல்ல. இந்த மரங்கள் பூப்பதில்லை. விதைகள் சூலகத்துக்குள் மூடப்படாமல் செதிலின் மேல் திறந்தபடி இருக்கும்.

தமிழ்ப் பாடநூல்கள் இவற்றை 'ஊசியிலை மரங்கள்' என்கின்றன. படிக்க எளிது, அடையாளம் காணப் போனால் காலை வாரிவிடும். நம் கடற்கரைச் சவுக்கைப் பாருங்கள்: ஊசி போன்ற பச்சை, அடியில் முள்முள்ளாகச் சின்னக் கூம்புகள். இருந்தும் அது பூக்கும் மரம். அந்த 'ஊசி' ஒன்றைப் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே அல்ல, மெல்லிய கிளை. உண்மையான இலைகள் கணுவைச் சுற்றிப் பொடிப் பல் வரிசையாக ஒட்டியிருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நிறம்பல்லி இதற்கு நேர்மாறு. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே கோனிஃபர் அதுதான்; கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பார்க்கிற பைன்கள் மனிதர் நட்டவை. நிறம்பல்லியின் இலை ஊசியல்ல, அகலமானது. நடுநரம்பு கிடையாது, மெல்லிய நரம்புகள் இணையாக நீள ஓடும். பைன் காய் மாதிரி எதையும் அதில் தேட வேண்டாம். அதன் பெண் கூம்பு சுருங்கி, சதைப்பற்றான காம்பின் நுனியில் பெரும்பாலும் ஒற்றை விதையாகத்தான் நிற்கிறது, பார்த்தால் ஏதோ பழம் என்றே தோன்றும்.