ஒரே ஓர் ஆறு காட்டிய வரைபடம்

கடனுக்கு ஈடாகத் தரப்படும் நிலத்தின் வரைபடம் கோப்பில் இருந்தாலும், ஒரு முறை நேரில் சென்று பார்த்துவிட்டே ஒப்புதல் அளிப்பது வங்கிப் பணியின் மரபு. அந்த மரபின் அருமையை எனக்கு மீண்டும் உணர்த்தியது, கனடாவின் வடகிழக்கில் உள்ள லாப்ரடோர் வனாந்தரத்தில் நிகழ்ந்த ஒரு பயணம்.

1903 ஜூலையில் நியூயார்க் இதழாளர் லியோனிடாஸ் ஹப்பர்ட், நண்பர் டில்லன் வாலஸ், வழித்துணைவர் ஜார்ஜ் எல்சன் ஆகியோருடன் துடுப்புப் படகில் புறப்பட்டார். நாஸ்காப்பி ஆற்றின் வழியே மிச்சிகமாவ் ஏரியை அடைந்து, அங்கிருந்து ஜார்ஜ் ஆற்றில் வடக்கே சென்று உங்காவா விரிகுடாவைத் தொடுவது திட்டம். அவர்களிடம் இருந்த வரைபடம், கிராண்ட் ஏரியில் வந்து கலப்பதாக ஒரே ஓர் ஆற்றைத்தான் காட்டியது. உண்மையில் அங்கே பல ஆறுகள் கலந்தன. நாஸ்காப்பியின் முகத்துவாரத்தைக் கவனியாது கடந்த மூவரும், ஏரியின் கோடியில் இருந்த சூசன் என்னும் சிற்றாற்றில் ஏறினர். பாறைகளுக்கிடையே படகைச் சுமந்தே வாரங்கள் கழிந்தன, உணவும் குறைந்தது. செப்டம்பரில் திரும்பத் தொடங்கினர். அக்டோபரில், 31 வயதான ஹப்பர்ட் கூடாரத்தில் பட்டினியால் உயிர்நீத்தார். எல்சன் நடந்தே சென்று அழைத்து வந்த உதவியால் வாலஸ் பிழைத்தார்.

கணவர் முடிக்காத பயணத்தைத் தாமே முடிப்பதென மீனா ஹப்பர்ட் உறுதி பூண்டார். செவிலியராகப் பணியாற்றியவர் அவர். அதே எல்சனை உடன் அழைத்தார். ஆறுகளில் பழகிய ஜோப் சாப்பீஸ், ஜோசப் இசர்ஹாஃப் ஆகியோரும் சேர்ந்தனர். நான்காமவர் கில்பர்ட் பிளேக், உள்ளூர் வேட்டையாளர். வாலஸை மீட்ட குழுவில் இருந்தவர். நாஸ்காப்பியின் கீழ்ப்பகுதி அவருக்கு நன்கு தெரியும். கணவரின் குழு தவறவிட்ட முகத்துவாரம் இம்முறை தவறவில்லை.

1905 ஜூன் 27இல் இரு படகுகளில் புறப்பட்ட அவர்கள், 576 மைல் கடந்து, ஆகஸ்டு 27இல் ஜார்ஜ் ஆற்று வணிக நிலையத்தை அடைந்தனர். அதே நாளில் தனிக் குழுவுடன் புறப்பட்டிருந்த வாலஸ், சில வாரங்கள் கழித்தே வந்து சேர்ந்தார். வழிநெடுக அளந்து குறித்துக்கொண்ட மீனா, நாஸ்காப்பிக்கும் ஜார்ஜ் ஆற்றுக்கும் புதிய வரைபடம் தந்தார். பயண நூலை 1908இல் வெளியிட்டார்.

அவர் தடம்பற்றிச் செல்லும் படகுப் பயணிகள் இன்றும் உள்ளனர். ஆயின் அவர் கண்ட மிச்சிகமாவ் ஏரி இன்று இல்லை. சர்ச்சில் நீர்வீழ்ச்சி மின்திட்டத்துக்காக 1970களின் தொடக்கத்தில் உருவான ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்தில் அது கலந்துவிட்டது. நாஸ்காப்பியின் தலைநீரும் அத்தேக்கத்துக்குத் திருப்பப்பட்டதால் ஆறு மெலிந்துள்ளது. மீனாவின் வரைபடத்தை மட்டும் நம்பி இன்று எவரும் அங்கே படகு இறக்க இயலாது. அண்மையில் அவ்வழி சென்று வந்தவரை முதலில் கேட்டாக வேண்டும்.

அடுத்த முறை கள ஆய்வுக்குப் புறப்படுகையில், வரைபடத்துடன் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன்.