கட்டடப் புறச்சுவர்களில் கலப்பு மரப் பலகை

கலப்பு மரப் பலகை என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூட்டில் ஒன்றாகக் கலந்து உருவாக்கப்படும் பலகை ஆகும். கடைகளில் இது டபிள்யூ.பி.சி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. தோட்ட நடைமேடைகளுக்கும் வேலிகளுக்கும் பெருமளவில் பயன்பட்டு வந்த இப்பலகை, இப்போது வீடுகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் வெளிச்சுவரை மூடும் உறையாகவும் பொருத்தப்படுகிறது. இவ்வாறு சுவரின்மேல் போர்த்தப்படும் உறையைக் கட்டடத் தொழிலில் கிளாடிங் என்பர். இவ்வுறை கட்டடத்தின் எடையைத் தாங்குவதில்லை. மாறாக, உறையின் எடையைத்தான் சுவர் தாங்குகிறது. வெயிலையும் மழையையும் தடுப்பதும் மரத்தின் தோற்றத்தைத் தருவதுமே இதன் வேலை.

உருவாக்கம்

பலகையின் எடையில் ஏறத்தாழப் பாதியோ அதற்குச் சற்று மேலோ மரத்தூளாக இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பி.வி.சி. ஆகிய மூன்றில் ஒன்று. எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஏற்றதன்று. ஏறத்தாழ 200 பாகை செல்சியசைத் தாண்டினால் மரத்தூள் கருகத் தொடங்கிவிடும். எனவே அதற்குக் குறைந்த சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கே வேண்டும். பாலிஎத்திலீன் 130 பாகையை ஒட்டியும் பாலிபுரொப்பிலீன் 165 பாகையை ஒட்டியும் உருகுவதால் அவை பொருந்துகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரம் நீரை ஈர்க்கும். பிளாஸ்டிக் நீரை ஒதுக்கும். இயல்பில் ஒட்டாத இந்த இரண்டையும் பிணைக்க, மெலெயிக் அன்ஐதரைடு சேர்த்த பாலிமர் ஒன்று சிறிதளவு கலக்கப்படுகிறது. நிறமிகளும், புற ஊதாக் கதிரைத் தாங்க உதவும் வேதிப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. பின்னர் இக்கலவை, முறுக்கு அச்சில் மாவைப் பிழிவது போல, எஃகு அச்சின் வழியே பிதுக்கப்பட்டு நீண்ட பலகையாக வெளிவருகிறது. பல பலகைகள் உள்ளே கூடாக இருப்பதற்கு எடையைக் குறைப்பதே காரணம். கலவையின் அடர்த்தி நீரை விடக் கூடுதல். தேக்குத் துண்டு மிதக்கும், இதன் துண்டு மூழ்கும்.

புதிய வகைகளில், உட்பகுதி பிதுக்கப்படும்போதே அதன்மேல் தூய பிளாஸ்டிக் மேலுறை ஒன்றும் சேர்த்துப் பிதுக்கப்படுகிறது. வெளிச்சுவருக்கு இந்த வகையே மேல். மேலுறை இல்லாத பலகையில், மரத்தின் லிக்னின் என்னும் பொருளை வெயில் சிதைக்க, மழை அதைக் கழுவிச் செல்லும், நிறம் வெளிறும்.

நீட்சி

இப்பலகையைப் பொருத்துவோர் அதிகம் தவறவிடுவது வெப்பத்தால் ஏற்படும் நீட்சியை. இயற்கை மரம் ஈரத்தால் அகலவாக்கில் ஊதும். வெப்பத்தால் நீளவாக்கில் மிகக் குறைவாகவே நீளும். கலப்புப் பலகை இதற்கு நேர்மாறு. வகைக்கேற்ப மாறினாலும், ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு அதன் நீளம் 1,00,000இல் 4 பங்கு அளவில் கூடுகிறது எனக் கொள்ளலாம்.

3 மீட்டர் நீளமுள்ள அடர்நிறப் பலகை ஒன்று மேற்குச் சுவரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலை 25 பாகையில் இருந்த அது, பிற்பகல் வெயிலில் 65 பாகையை எட்டுகிறது. வேறுபாடு 40 பாகை. 3,000 மில்லிமீட்டரை 40ஆலும் 0.00004ஆலும் பெருக்கினால் 4.8 மில்லிமீட்டர் வருகிறது. மரமாயின் அரை மில்லிமீட்டர் அளவே நீளும். காலையில் இரு பலகைகளை இடைவெளியின்றி முட்டவைத்துத் திருகாணியால் இறுக்கிவிட்டால், மாலைக்குள் அவை ஒன்றையொன்று தள்ளி வளையும் அல்லது கிளிப்பைப் பிடுங்கும். நண்பகல் சூட்டில் பொருத்தினால் பலகை ஏற்கெனவே நீண்டிருக்கும். அப்போது விடும் இடைவெளி குறைவாக இருந்தால் போதும். இதனால்தான் தேர்ந்த தொழிலாளர் பலகையின் நடுவில் ஓரிடத்தை மட்டும் அசையாமல் பூட்டி, மற்ற இடங்களில் வழுக்கி நகரக்கூடிய கிளிப்புகளைப் போடுகின்றனர்.

நீரும் காற்றும்

ஒவ்வொரு மரத்துகளையும் பிளாஸ்டிக் முழுதாக மூடிவிடும், ஆகவே கலப்புப் பலகை உளுக்காது என்று தொடக்கத்தில் நம்பப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடாவில், எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் இத்தகைய பலகையால் அமைத்த நடைபாதையில் பூஞ்சை வளர்ந்திருந்தது கண்டறியப்பட்டு, 1998இல் அது பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளியானது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வழியே நீர் மெல்ல உள்ளே செல்கிறது. அறுத்த முனைகளில் இது கூடுதல். கரையான் எளிதில் தாக்காது என்பது உண்மை. நீரால் ஒன்றும் ஆகாது என்பது விளம்பரம்.

ஆகவே பலகையைச் சுவரில் நேராக ஒட்டக் கூடாது. முதலில் சுவரில் ரீப்பர்கள் அடிக்கப்படுகின்றன. அவற்றின்மேல் பலகை ஏறும். இடையில் 20 முதல் 25 மில்லிமீட்டர் காற்றிடைவெளி இருக்கும். கீழும் மேலும் அது திறந்திருந்தால், பலகைக்குப் பின்னே புகுந்த நீர் வடிந்து, காற்றோட்டத்தில் சுவர் உலரும். பூச்சி புகாமல் திறப்புகளில் வலை வைக்கப்படுகிறது. அடிப்பலகை தரையிலிருந்து 150 மில்லிமீட்டராவது உயர்ந்திருந்தால் மழைத்தெறிப்புச் சேறு படியாது.

தீ

சுவரை உலர வைக்கும் அதே இடைவெளி, தீப்பிடித்தால் புகைபோக்கி போல வேலை செய்யும். சூடான காற்று மேலே விரைய, சுடரும் அதனுடன் மாடி மாடியாக ஏறும். மரம், பிளாஸ்டிக் இரண்டுமே எரியும் பொருள்கள். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும்போது தீ கீழ்நோக்கியும் பரவக்கூடும்.

2017 சூன் 14 அன்று இலண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில், 4ஆம் மாடிச் சமையலறையில் தோன்றிய தீ வெளிச்சுவர் உறை வழியே உச்சிவரை ஏறி 72 உயிர்களைக் கொண்டது. அங்கிருந்தது கலப்பு மரம் அன்று; இரு அலுமினியத் தகடுகளுக்கிடையே பாலிஎத்திலீன் நிரப்பிய பலகை. ஆயினும் கலப்பு மரப் பலகைகள் பலவற்றில் சேர்வதும் அதே பாலிஎத்திலீன்தான் என்பதை மறந்துவிடலாகாது. 2018 திசம்பரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 18 மீட்டருக்கு மேல் மாடியுள்ள குடியிருப்புகளின் புறச்சுவரில், சில விலக்குகள் தவிர, ஐரோப்பியத் தர வரிசையின் ஏ1, ஏ2 ஆகிய முதலிரு வகுப்புப் பொருள்களையே பயன்படுத்தலாம். கலப்பு மரம் தீத்தடுப்பு வேதிப்பொருள் சேர்த்தாலும் இவ்வகுப்புகளை எட்டுவதில்லை. உயர்ந்த கட்டடங்களில் மரத்தோற்றம் வேண்டுவோர் நாரிழைச் சிமெண்டுப் பலகை, மரவரி அச்சிட்ட அலுமினியம் ஆகியவற்றை நாடுகின்றனர்.

தாழ்ந்த வீடுகளில் கலப்புப் பலகைக்கு இடம் உண்டு. அங்கும் காற்றிடைவெளியை மாடிமட்டத்திலும் சன்னல் ஓரங்களிலும் தீத்தடுப்புப் பட்டைகளால் மறித்தல் நல்லது. குளிர்சாதனக் கருவியின் மின்கம்பியை உறைக்குப் பின்னே மறைத்து இழுக்கும் வழக்கம் தவிர்க்கத்தக்கது.

வாங்குமுன்

தமிழ்நாட்டில் வீட்டு முகப்பை எலிவேஷன் என்றே சொல்கிறார்கள். அதற்கென விற்கப்படும் லூவர் பலகைகளில் உட்சுவருக்கானவையும் உண்டு, வெளிச்சுவருக்கானவையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. உட்சுவர் வகையின் மேல் ஒட்டியிருப்பது மெல்லிய படலம் மட்டுமே. வெயிலில் அது உரியும். வெளிச்சுவருக்கானதா, தீத்தர வகுப்பு என்ன, நிறத்துக்கு எத்தனை ஆண்டு உறுதி ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது வாங்குவோர் உரிமை.

பராமரிப்பு குறைவே. ஆண்டுக்கு ஓரிரு முறை சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும். பாசியை அழுத்தம் மிகுந்த நீர்ப்பீச்சியால் அடித்தால் மேற்பரப்பு கீறும்.