வயர்லெஸ்ஸில் ரகசியம் கசிவது எங்கே?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் புலனாய்வு அதிகாரிகளின் கையடக்க வயர்லெஸ்களில் பேச்சைக் குறியாக்கம் செய்து அனுப்பும் வசதி உண்டு. ஆனாலும் சந்தேக நபர்களைப் பின்தொடரும்போது அவர்கள் பேசியதில் கணிசமான பகுதி யார் காதுக்கும் எட்டும்படி போய்க்கொண்டிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேட் பிளேஸும் குழுவினரும் 2011இல் இதை வெளியிட்டார்கள். ஒரு நகரத்துக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 20 நிமிடத்துக்கும் மேல் ரகசியப் பேச்சு திறந்தபடி அவர்களுக்குக் கிடைத்தது. குறியாக்கக் கணக்கை யாரும் உடைக்கவில்லை.

சில நேரம் சுவிட்ச் தவறான பக்கம் இருந்தது. அதில் வெறும் வட்டக் குறி என்றால் திறந்த பேச்சு, கோடு போட்ட வட்டம் என்றால் பூட்டிய பேச்சு. அவசரத்தில் யார் பார்ப்பார்கள்? எதிர்முனைக் கருவியோ இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்கவிடும். இன்னும் கவலை தருவது மற்றொரு காரணம். குழுவில் ஒருவருடைய கருவியில் குறியாக்கச் சாவி இல்லாமல் போயிருக்கும். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று எல்லோரும் திறந்த பேச்சுக்கு மாறிவிடுவார்கள். ஒரு கருவியின் கோளாறு மொத்தக் குழுவையும் அம்பலத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இந்தக் கருவிகள் 'பி25' என்ற தரத்தில் இயங்குகின்றன. குரலை எண்களாக்கி நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் அனுப்புகின்றன. அனுப்பும் முன், ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை என்றால் 256 பிட் சாவியைக் கொண்டு உள்ளே இருக்கும் தனி மாட்யூல் அதைக் கலைத்துவிடும். எந்தச் சாவி என்பதற்கான அடையாள எண் மட்டும் 360 மில்லிநொடிக்கு ஒருமுறை பேச்சோடு சேர்ந்து வெளிப்படையாகப் போகும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எதிர்முனை தன்னிடமுள்ள சாவியை எடுக்கிறது.

கோளாறு கண்டுபிடிக்கும் வித்தை முழுக்க இந்த எண்ணும் சாவியும் பொருந்துவதில்தான் இருக்கிறது. முதலில் திறந்த பேச்சில் சோதிக்க வேண்டும். அதில் குரல் தெளிவாக வந்து போனால் ஆன்டெனா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் சரி. பிறகு பூட்டிய பேச்சு. சத்தமே வரவில்லை என்றால் அந்த எண்ணுக்குரிய சாவி உள்ளே இல்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தால், எண் ஒன்றேதான், சாவி வேறு. ஏற்றியவர் செய்த பிழையாக இருக்கலாம். மாட்யூலைக் குறை சொல்லிக் கழற்றுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

சாவியை மறுபடி ஏற்றியதும் வேலை செய்கிறதா? அதோடு பெட்டியை மூடக் கூடாது. பேட்டரியைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து மாட்டிப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் சாவி, மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி மாற்றும் இடைவெளியில் ஒரு சிறு கெப்பாசிட்டர்தான் அதைக் காப்பாற்றுகிறது. அது தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு பேட்டரி மாற்றத்திலும் சாவி போய்விடும். சாவியே ஏறவில்லை என்றால் பக்கவாட்டு கனெக்டரைப் பாருங்கள். வியர்வையும் தூசியும் படிந்த தொடுபுள்ளிகள் செய்யும் வேலையாகவும் இருக்கலாம். எக்ஸ்டிஎஸ் 5000 போன்ற கருவிகளின் திரையில் 'ஃபெயில் 09/10', 'ஃபெயில் 09/90' என்று வந்தால்தான் மாட்யூல் மீதே சந்தேகம் போக வேண்டும்.

பழுதான மாட்யூலிலிருந்து சாவியை மீட்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது, முடியவும் கூடாது. சாவி உள்ளே போகும், வெளியே வராது என்பதுதான் அதன் வடிவமைப்பு. உறையைத் திறந்ததுமே சாவியை அழித்துக்கொள்ளும் வகைகளும் இருக்கின்றன.

என் கவலையெல்லாம் பேசாத கருவியைப் பற்றி அல்ல. அதை யாராவது பழுதுபார்க்கக் கொண்டுவந்துவிடுவார்கள். பூட்டாமல் பேசும் கருவியை யாரும் கொண்டுவருவதில்லை. எனவே வயர்லெஸ் பொறுப்பிலிருப்பவர்கள் சாவி ஏற்றாத ஒரு கருவியை அதே சேனலில் வைத்து, ஒவ்வொரு பணிக்கும் முன் எல்லோரையும் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். யாருடைய குரல் அதில் தெளிவாகக் கேட்கிறதோ, அவருடைய கருவியை அப்போதே வாங்கி வைத்துக்கொண்டு வேறு ஒன்றைக் கொடுங்கள்.