முயலும் கோடை வெப்பமும்

திருப்பதி மாவட்டத்தில், பழவேற்காட்டு ஏரியை அடுத்துள்ள தடாவின் கோடை வீட்டு முயலுக்குப் பெரும் பகை. மத்தியச் செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் முயற்பண்ணை உள்ள கொடைக்கானல் மலையின் மன்னவனூர்க் குளிர் இங்கில்லை. முயலுக்கு வியர்ப்பதில்லை, உடற்சூட்டைப் பெரிதும் செவிகளின் வாயிலாகவே வெளியேற்றுகிறது. வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடைக் கடந்தாலே துன்புறும்.

செவி சிவந்து, மூச்சிரைத்து, துவண்டு கிடக்கும் முயலை உடனே நிழலுக்குக் கொணர்ந்து, செவிகளை ஈரத்துணியால் ஒற்றுக. பனிக்கட்டி நீரில் அமிழ்த்தலாகாது. அவ்வதிர்ச்சியே உயிரைப் போக்கக்கூடும். மயங்கியிருக்கையில் வாயில் நீர் புகட்டுவதும் தவறு.

தேறியபின்னும் 12 மணி நேரம் உணவு கொள்ளாமலோ புழுக்கையிடாமலோ இருப்பின், குடலியக்கம் நின்றிருக்கலாம். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வீட்டில் எஞ்சிய அமாக்சிசிலினைப் பரிவுடன் புகட்டுவோர் உண்டு. வாய்வழிச் செல்லும் அம்மருந்து குடலின் நன்மைதரும் நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடக்கூடும்.